முதல் நாளுக்கு 190 கிலோமீட்டர் போதும்: தனியாக பைக்கில் கிளம்பும் பெண்களுக்கு

முதல் முறை கிளம்பியபோது, சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரே நாளில் போய்விடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். சுமார் 330 கிலோமீட்டர். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் தலை பிளப்பது போல வலி. கண் கூசியது, கை நடுங்கியது. வண்டியில் பழுதில்லை, சாலையும் நன்றாகத்தான் இருந்தது. அன்று காலை முதல் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கவில்லை, அவ்வளவுதான். குடித்தால் கழிப்பறை தேட வேண்டும், எங்கே போவது என்று தெரியாது, ஆகவே குடிக்கவில்லை. விழுப்புரத்தில் ஓர் அறை எடுத்துப் பிற்பகல் முழுவதும் படுத்துக் கிடந்தேன். மறுநாள் வீடு திரும்பிவிட்டேன்.

ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் எஞ்சின் ஆயில், டயர், மைலேஜ் எல்லாம் விரிவாக இருக்கும். இந்தத் தண்ணீர்க் கணக்கு இருக்காது. அடுத்த முறை நான் திருச்சியை விட்டுவிட்டுத் திருவண்ணாமலையோடு நின்றேன். அந்த ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. நீங்கள் கன்னியாகுமரிக்குப் போகலாம், வால்பாறைக்குப் போகலாம். எங்கே போனாலும் முதல் நாள் இப்படிக் கழியட்டும்.

ஏன் திருவண்ணாமலை

திண்டிவனம், செஞ்சி வழியாகப் போனால் சென்னையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் நிதானமாக ஓட்டி, நான்கு முறை நின்று, பதினொன்றரைக்குள் போய்ச் சேரலாம். அதாவது வெயில் உச்சிக்கு வருவதற்குள் வண்டி நிழலில் நிற்கும். வழியில் நான்குவழிச் சாலையும் உண்டு, நடுவில் தடுப்பில்லாத ஊர்ச் சாலையும் உண்டு. இரண்டும் ஒரே நாளில் பழகிவிடும். தனியாக வரும் பெண்களை அந்த ஊர் பல வருடங்களாகப் பார்த்துப் பழகியிருக்கிறது. வரவேற்பறையில் யாரும் உங்களை ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. பௌர்ணமி அன்றும் கார்த்திகை தீபத்தின்போதும் போகாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை எங்கோ இருக்கும், வண்டியை ஊருக்குள் கொண்டுபோகவும் முடியாது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் சென்னையை விட்டு வெளியேறும் கூட்டம் அதிகம் என்பதால் வாரநாள் நல்லது. செவ்வாயில் கிளம்பக் கூடாது என்று என் அம்மா சொன்னாள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பதும் அவள் சொன்னதுதான். புதன்கிழமை கிளம்பினேன், வீட்டில் அமைதி நிலவியது.

ஒரு வாரம் முன்பு

முதலில் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகி எடுத்த உரிமத்தில் ‘கியர் இல்லாத வண்டி’ என்று மட்டும் இருக்கக்கூடும். அதை வைத்துக்கொண்டு கியர் பைக் ஓட்டுவது சட்டப்படி தவறு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணம் கேட்கும்போதும் சிக்கல் வரும். கியர் வண்டிக்கான உரிமம் இல்லையென்றால் ஸ்கூட்டரிலேயே போய்விட்டு வாருங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று மூன்றையும் டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தால் போலீஸ் சோதனையில் அதுவே செல்லும். ஆனாலும் ஒரு காகிதத்தில் உங்கள் பெயர், ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். விபத்தில் பூட்டிய கைப்பேசியை யாரும் திறக்க முடியாது.

ஜாக்கெட் என்று நான் சொல்வது தையல்காரர் தைத்துக் கொடுப்பதை அல்ல. தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் தடுப்புப் பட்டை வைத்த ரைடிங் ஜாக்கெட். நம் ஊர் வெயிலுக்கு வலைத்துணியில் தைத்ததே சரி. கடையில் பெரும்பாலும் ஆண்களுக்கான அளவுகள்தான் கிடைக்கும். போட்டுப் பார்த்துவிட்டு, கைகளை ஹேண்டில்பார் பிடிப்பதுபோல நீட்டி, முழங்கைப் பட்டை முழங்கையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நழுவினால் அது வெறும் அலங்காரம். ஹெல்மெட் முகம் முழுவதையும் மூடுவதாகவும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாகவும் இருக்கட்டும். கண்ணாடி நிறமற்றதாக இருக்க வேண்டும், இருட்டில்தான் கிளம்பப் போகிறோம். கையுறை, கணுக்கால் மூடும் காலணி இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

துப்பட்டா வேண்டாம், சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தோடு, ஜிமிக்கி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்; ஹெல்மெட்டுக்குள் அவை ஒரு மணி நேரத்தில் குத்தத் தொடங்கும். கூந்தலைப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் மாலை முழுவதும் சிக்கெடுப்பதில் போகும். உள்ளாடை பருத்தியில், தடித்த தையல் இல்லாததாக இருக்கட்டும். தடித்த ஜீன்ஸின் உள்தொடைத் தையல் நூறு கிலோமீட்டரில் தோலை உரித்துவிடும்.

வண்டியை நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுங்கள்: ஆயில், பிரேக் கட்டை, கிளட்ச் கேபிள், செயின். செயின் தொய்வு பெரும்பாலான 150 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். சரியான அளவு கையேட்டில் இருக்கும். சர்வீஸ் முடித்த கையோடு நெடும்பயணம் கிளம்பாதீர்கள். மெக்கானிக் எதையாவது இறுக்க மறந்திருந்தால் அது ஐம்பது கிலோமீட்டருக்குள் தெரிந்துவிடும். அந்த ஐம்பது உங்கள் ஊருக்குள் ஓடியதாக இருக்கட்டும்.

அதற்காகத்தான் ஒத்திகை. முழு மூட்டையையும் கட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புங்கள். நூறு கிலோமீட்டரும் கொஞ்சமும் வரும். மூட்டை எங்கே சரிகிறது, எந்தக் கை மரத்துப்போகிறது, எத்தனை மணிக்கு இடுப்பு வலிக்கத் தொடங்குகிறது என்பதையெல்லாம் அன்றே தெரிந்துகொள்ளலாம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டாம், தோள் தாங்காது. இருபுறமும் தொங்கும் பையும் பெட்ரோல் தொட்டி மேல் வைக்கும் சிறு பையும் போதும். கனமான பொருள்கள் கீழே போகட்டும். எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தாண்டினால் மீண்டும் பிரித்துப் பாருங்கள். மூன்றாவது ஜோடிச் செருப்பு நிச்சயம் உள்ளே இருக்கும்.

விழுந்த வண்டியைத் தூக்குவது

இதை வீட்டு வாசலில் பழகாமல் யாரும் கிளம்பக் கூடாது என்பது என் பிடிவாதம். மூட்டையோடு நிறுத்தும்போது காலுக்கடியில் ஒரு கூழாங்கல் உருண்டாலே வண்டி சாய்ந்துவிடும். சாயும்போது பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். 150 கிலோவோடு மல்லுக்கு நின்றால் இடுப்புதான் போகும். விட்டுவிட்டு விலகுங்கள், பிறகு தூக்கலாம். கைபலத்தால் தூக்கவே கூடாது, கால்பலத்தால் தூக்க வேண்டும்.

1. எஞ்சினை நிறுத்துங்கள். வண்டி உருளாமல் இருக்க முதல் கியரில் போடுங்கள்.
2. வலப்பக்கமாக விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே வெளியே இழுத்து வையுங்கள். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் இடப்பக்கம் சாயும். இடப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கிய பிறகு இழுக்கலாம்.
3. வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் பின்புறத்தை அழுத்திக் குந்துங்கள்.
4. ஒரு கையால் தரைப்பக்கம் இருக்கும் கைப்பிடியைத் தொட்டியை நோக்கித் திருப்பிப் பிடியுங்கள். மறு கையால் பின்னிருக்கைக் கம்பியைப் பிடியுங்கள்.
5. முதுகை நேராக வைத்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். தொடைகள் தூக்கும், கைகள் வெறுமனே பிடித்திருக்கும்.

ஐம்பது கிலோ எடையுள்ள நான் என் வண்டியை இப்படித்தான் தூக்குகிறேன். முதல் நாள் பழகியபோது எதிர்வீட்டுத் தாத்தா ஓடி வந்துவிட்டார். வேண்டாம் தாத்தா, இன்னும் மூன்று முறை கீழே போட வேண்டும் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

முந்தின நாள்

அறையை முன்பே பேசி வைத்துவிடுங்கள், அதுவும் தொலைபேசியில். மூன்று கேள்விகள்: தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுப்பீர்களா, வண்டியை வாயிற்கதவுக்கு உள்ளே நிறுத்தலாமா, இரவு முழுவதும் வரவேற்பில் ஆள் இருப்பாரா. முதல் கேள்விக்கு இழுத்துப் பேசினால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். இந்தப் பேச்சைக் களைத்துப்போய் வாசலில் நின்றுகொண்டு நடத்தும்படி ஆகக் கூடாது.

பெட்ரோலை மாலையே நிரப்புங்கள். டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள், சுமைக்கு ஏற்ற அளவு கையேட்டில் இருக்கும். ட்யூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் சின்னக் காற்றுப் பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிச் சக்கரம் என்றால் ஒரு ட்யூப். ஒட்டத் தெரியாவிட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வந்து உதவுகிறவருக்குத் தெரிந்திருக்கும்.

கைப்பேசியில் அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181, ஆம்புலன்ஸுக்கான 108, நெடுஞ்சாலை உதவிக்கான 1033 ஆகியவற்றைச் சேமித்து வையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியையும் இறக்கி, அதில் ஒருமுறை பதிவு செய்துவிடுங்கள். இருப்பிடத்தை ஒருவரோடு மட்டும் பகிருங்கள். பதற்றப்படாத ஒருவராக அவர் இருக்கட்டும். என் வீட்டில் அது அம்மா இல்லை, தம்பி. மதுராந்தகம், செஞ்சி, திருவண்ணாமலை என மூன்று இடங்களில் அழைப்பேன், நடுவில் அழைத்தால் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். போகும் இடத்தைப் படத்தோடு அவ்வப்போது ஊருக்கே அறிவிக்காதீர்கள். இரண்டு நாள் கழித்துப் போட்டாலும் அதே விருப்பக்குறிகள் விழும்.

காலை ஐந்தேகால்

அரை வயிறு தண்ணீர், ஒரு வாழைப்பழம், கழிப்பறை. பிறகு வண்டி. ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் நெரிசலை அது எழுவதற்கு முன்பே கடந்துவிடலாம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தருகே மட்டும் கவனம். விடியற்காலையில் வெளியூர்ப் பேருந்துகள் வந்து இறங்கும் நேரம், சாலையோரத்தில் பெட்டியோடு மக்கள் திடீரென்று குறுக்கே வருவார்கள்.

பரனூர் சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரத்தில் தனிப்பாதை இருக்கும். அதில் மணலும் எண்ணெய்க் கசிவும் கிடக்கும் என்பதால் வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள்.

நான்குவழிச் சாலையில் பைக்குக்கு உச்ச வேகம் 80. முதல் நாளுக்கு 60, 65 போதும். இடது தடத்தில் செல்லுங்கள், ஆனால் ஓரக்கோட்டை ஒட்டிப் போகாதீர்கள். எதிர்த்திசையில் வரும் மொபெட்டும் ஆட்டுக்குட்டியும் அங்கேதான் உலவும். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டும் போகாதீர்கள். அதன் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லையென்றால் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவில்லை. பெரிய பேருந்து உங்களைக் கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். கைகளை இறுக்கினால் வண்டி ஆடும். முழங்கால்களால் தொட்டியை இறுக்கிக்கொண்டு கைகளைத் தளர விடுங்கள். செங்கல்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தின் மேல் இதைப் பழகிப் பார்க்கலாம், அங்கே காற்று எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

தண்ணீரும் கழிப்பறையும்

மணிக்கு ஒருமுறை நில்லுங்கள், களைப்பு வந்த பிறகு நிற்பதில் பயனில்லை. நிற்கும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீராவது குடியுங்கள். வெயில் ஏறிவிட்டால் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம்.

பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றும் இலவசமாகத் தரப்பட வேண்டியவை. பெட்ரோல் போடாமலும் கேட்கலாம். கதவு பூட்டியிருந்தால் தயங்காமல் சாவி கேளுங்கள். ஊழியர்கள் பயன்படுத்துவதற்காக நன்றாக இருக்கும் ஒன்றைப் பூட்டி வைத்திருப்பார்கள். குடும்பத்தோடு கார்கள் நிற்கும் பெரிய பங்காகப் பாருங்கள். சுங்கச்சாவடிகளிலும் கழிப்பறை உண்டு. இந்தச் சாலையில் எனக்கு மிகவும் உதவியது மேல்மருவத்தூர். ஆதிபராசக்தி கோயிலுக்குச் செவ்வாடையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வரும் ஊர் என்பதால் பெண்களுக்கான வசதிகளும் பழக்கமாகிவிட்டன. ஹெல்மெட்டோடு நடந்து போனால் பாட்டிகள் நாலு கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான்.

பையில் காகிதச் சோப்பு, டிஷ்யூ, ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டி, நாப்கின், பயன்படுத்தியதைச் சுற்றி வைக்க உறை ஆகியவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். மூட்டையின் அடியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் புனல் மருந்துக்கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. வீட்டுக் குளியலறையில் நான்கைந்து முறை பழகிய பிறகு கொண்டுபோங்கள். மாதவிலக்கு அன்றே வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, தூரத்தைக் குறைத்தால் போதும். திண்டிவனத்திலும் அறைகள் உண்டு.

காலை உணவு ஏழு மணிவாக்கில், மதுராந்தகம் ஏரியைக் கடந்து எங்காவது. இரண்டு இட்லி, வேண்டுமானால் மூன்று. பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஹெல்மெட் போடுவதும் தலையணையில் தலை வைப்பதும் ஒன்றுதான்.

திண்டிவனத்துக்குப் பிறகு

நான்குவழிச் சாலையிலிருந்து பிரிய வேண்டிய இடம் இது. முன்கூட்டியே இடது ஓரத்துக்கு வந்து, பெயர்ப்பலகை பார்த்து, சர்வீஸ் சாலையில் இறங்குங்கள். தவறவிட்டால் பதறித் திரும்பாதீர்கள், அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிருந்து நடுவில் தடுப்பு இல்லை. எதிரே ஒரு பேருந்து இன்னொன்றை முந்திக்கொண்டு உங்கள் பக்கத்தில் வரும், விளக்கை அடித்து உங்களை ஓரம் போகச் சொல்லும். நியாயம் உங்கள் பக்கம்தான், ஆனாலும் ஓரம் போய்விடுங்கள். மேற்கே போகிறோம், காலை வெயில் நம் முதுகில் விழுவது சுகமாக இருக்கும். எதிரே வருகிறவர் கண்ணில் அதே வெயில் அடிக்கிறது, அவருக்கு நாம் சரியாகத் தெரிய மாட்டோம் என்பதையும் நினைவில் வையுங்கள். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் முன்விளக்கு தானாகவே எரியும், பழைய வண்டி என்றால் பகலிலும் போட்டுக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், வழுக்கும். ஊர் வந்தால் வேகத்தடை வரும், பாதிக்கு வெள்ளைப் பட்டை இருக்காது.

செஞ்சிக்கு முன்பே கற்பாறைகளை அள்ளிக் குவித்தது போலக் குன்றுகள் தெரியத் தொடங்கும். ராஜகிரியின் உச்சியில் கோட்டை. சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை இது. 2025இல் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கீழே நின்று பாருங்கள், படம் எடுங்கள், இளநீர் குடியுங்கள். ஏற மட்டும் செய்யாதீர்கள். நூற்று ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய காலோடு அத்தனை படி ஏறி இறங்கினால், பிறகு பிரேக் மிதிக்கும் கால் உங்கள் பேச்சைக் கேட்காது. நான் ஏறினேன், அதனால் சொல்கிறேன்.

இளநீர்க் கடையில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: “தனியாகவா வந்திருக்கிறீர்கள்?” பெரும்பாலும் அக்கறைதான், சில சமயம் வியப்பு. கேட்பவர் ஓர் அம்மாவாக இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். மற்றபடி எனக்கு ஒரு பதில் உண்டு: “பின்னால் ஆட்கள் வருகிறார்கள், நான் முன்னால் வந்துவிட்டேன்.” எந்த ஊரில் எந்த அறையில் தங்குகிறேன் என்பதை யாருக்கும் சொன்னதில்லை. யாராவது வண்டியைப் பின்தொடர்வதாகத் தோன்றினால் வேகம் கூட்டிப் போட்டி போடாதீர்கள். ஆள் நடமாட்டமுள்ள பங்கிலோ கடையிலோ நிறுத்தி, இறங்கி, தொலைபேசியில் சத்தமாகப் பேசுங்கள்.

சேர்ந்த பிறகு

அண்ணாமலை கண்ணில் பட்டதும் ஒரு மிதப்பு வரும். கடைசிப் பத்து கிலோமீட்டரில்தான் கவனம் நழுவும், ஆகவே ஊர் எல்லையில் ஒருமுறை நின்று தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போங்கள்.

அறையில் தாழ்ப்பாள், ஜன்னல், குளியலறைக் கதவு ஆகியவற்றைப் பாருங்கள். ரப்பர் ஆப்பு ஒன்று கொண்டுபோனால் கதவுக்கடியில் செருகிக்கொள்ளலாம்; ஐம்பது கிராம் எடைதான், அதைச் செருகிய பிறகு வரும் தூக்கம் வேறு. ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள். தம்பிக்குச் செய்தி. பிறகு குளியல், மோர் சோறு, இரண்டு மணி நேரத் தூக்கம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை இன்றே முடித்துவிடலாம் என்று மனம் சொல்லும். கோயிலுக்கு மாலையில் மெதுவாக நடந்து போய் வாருங்கள், மலையை இன்னொரு பயணத்தில் சுற்றலாம்.

செயினுக்கு எண்ணெய் போடுவதைப் பிற்பகலுக்குத் தள்ளாதீர்கள். வந்து இறங்கியதும், செயின் சூடாக இருக்கும்போது போட்டால்தான் நன்றாக உள்ளே இறங்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி போடுங்கள். எஞ்சின் ஓடும்போது செயினருகே விரலைக் கொண்டுபோனவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். டயரில் ஆணி ஏதும் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், மூட்டைக் கயிற்றை அவிழ்த்து மீண்டும் கட்டுங்கள்.

இரவு படுக்கும் முன் இரண்டு கைகளையும் மூடித் திறந்து பாருங்கள். விரல் நுனி இன்னும் மரத்திருந்தாலோ, மணிக்கட்டு வலித்தாலோ, நாளைய தூரத்தில் நாற்பது கிலோமீட்டரைக் குறைத்துவிடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் ஒரு லிட்டர் குடித்துவிட்டுப் படுங்கள். செயின் துடைத்த துணியை அறையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், நாளை மாலையும் அது வேண்டும்.